தோள்பட்டைக்கு இருபத்திரண்டு நாள்

வலது தோளுக்கு இருபத்திரண்டு நாள் வைத்தியம் பார்த்தார்கள். சீழ் ஈரலில் இருந்தது.

சென்னியப்பனைக் கேட்டால் இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வார். மீதியை யாருக்கும் சொல்லுகிற ஆள் இல்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே சுவரோரமாக நிறுத்தியிருந்த தள்ளுவண்டியில் மல்லாந்து கிடந்தார். ஒன்பதரைக்கு உள்ளே எடுப்பதாகப் பேச்சு. மணி ஒன்பது ஐம்பது. மாசமான பொண்ணு ஒருத்தி உள்ளே போயிருக்கிறாள், அவள் வெளியே வந்ததும் நீங்கதான் என்று நர்ஸ் ஜெபக்கனி சொல்லிவிட்டுப் போய் அதுவும் கால் மணி ஆயிற்று. கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபைலும் ஒரு வயர் கூடையும்.

"ஏனுங்க, கால மடக்காதீங்க. போர்வை நழுவுது."

"நழுவட்டும்."

"ஒடம்பு பாதியாப் போச்சு. கோவம் மட்டும் அப்பிடியே இருக்குது. அந்தச் சீழோட சேத்து அதையும் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கச் சொல்லோணும்."

அவள் போர்வையை இழுத்துக் கால் விரலை மூடினாள். ஃபைலின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "டாக்டரம்மா உள்ள ஏதாச்சும் கேட்டாங்கன்னா, இருக்கறத இருக்கறபடி சொல்லிப்போடுங்க" என்றாள்.

"என்னத்தக் கேக்கப் போறாங்க?"

"கேட்டாங்கன்னா."

"கேட்டாச் சொல்றேன். நீ பேசாமப் பொட்டாட்ட உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் கூரையைப் பார்த்தார். ஒரு குழல் விளக்கு துடித்துக்கொண்டிருந்தது, நிற்கவும் இல்லை, எரியவும் இல்லை. கழற்றிப் போட வேண்டியதுதானே, இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருத்தன் கண்ணுக்குப் படவில்லையா. வாயில் துரு. ஆறு நாளாக இந்தத் துருதான், கையில் ஏறுகிற மருந்து நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, காபியும் துரு, இட்லியும் துரு, மழையில் நனைந்த இரும்பு ராடை நக்கியது போல. வலது விலாவுக்குள்ளே அது இருந்தது. மூச்சை இழுத்தால் முட்டுகிறது. தோளிலும் குத்துகிறது, இப்போதும், எல்லாம் தெரிந்த பிறகும், தோளில்தான் குத்துகிறது, அதுதான் அவருக்கு ஆத்திரம். தெரிந்துகொண்டால் வலி இடம் மாறிக்கொள்ள வேண்டாமா. நாற்பத்தோரு வருஷம் போர்வெல் வண்டியில், அதில் முப்பது வருஷம் டிரில்லர், லீவரைப் பிடித்து நின்ற தோள் இது. திருச்செங்கோட்டு வண்டி ராய்ப்பூர் தாண்டி எந்தக் காட்டுக்குள்ளே நின்றாலும் அந்தத் தோள் கூடவே நின்றது. வலிக்கத்தான் செய்யும். ராடு தூக்கினவனுக்குத் தோள் வலிக்காமல் வேறெது வலிக்கும் என்று வண்டியில் சொன்னார்கள், முதலாளி போனில் சொன்னார், இவரும் அதையேதான் சொன்னார். அதனால் ஊருக்கு ரயிலேறி வந்து எலும்பு டாக்டரிடம் ஊசி. நாலு நாள். கேட்கவில்லை. அப்புறம் கட்டுக்காரர். கட்டுக்காரர் தோளைப் பிடித்துப் பார்த்து, "நரம்பு பெரண்டிருக்குது, பழைய அடி" என்றார். பழைய அடி என்றால் யாருக்குத்தான் இல்லை. முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பத்தை, மேலே துணி. சாயங்காலம் ஆனால் குளிர் தூக்கிப் போட்டது. பல் கிட்டிக்கொள்ளும், கட்டில் ஆடும், அப்புறம் சூடு, அப்புறம் தலையணை நனைய வேர்வை. கட்டு வேலை செய்கிறது, அதனால்தான் காய்ச்சல் என்றார் கட்டுக்காரர். வடக்கே போய் வந்தவன் மலேரியாவாக இருக்கும் என்று ரத்தம் பார்த்தார்கள், இல்லை. அப்புறம் மறுபடி கட்டு. சோறு இறங்கவில்லை. அரைஞாண் கயிறு இரண்டு விரல் தொளதொளத்தது. இவரும் சும்மாதான் கிடந்தார். தோளைக் கேட்டார்கள், தோளைச் சொன்னார். விலாவில் ஒரு கனம் இருந்தது நிஜம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் கண்டுபிடித்தவள் இதோ கால்மாட்டில் இருக்கிறாள். கை கட்டிக் கிடந்ததால் அவள்தான் குளிப்பாட்டினாள். முக்காலியில் உட்காரவைத்து முதுகுக்குச் சோப்புப் போட்டவள் கை வலது விலாவில் அழுந்தியது, அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் கை அப்படியே நின்றது. இன்னொரு தடவை, அதே இடத்தில், வேண்டுமென்றே, இரண்டு விலா எலும்புக்கு நடுவே ஒரு விரலை வைத்து அமுத்தினாள். கொன்னுருவேன் என்று கத்தினார். "கொல்லுங்க. வலி தோள்ல இல்லீங்க. இங்க இருக்குது" என்றாள். சோப்பைக்கூட முழுசாகக் கழுவவில்லை, துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். கட்டோடு ஈரோட்டுக்கு வந்து இறங்கியபோது உடம்பில் நுரை காய்ந்து அரித்துக்கொண்டிருந்தது. ஸ்கேனில் தெரிந்தது. ஈரலின் மேல்பக்கம், ஒன்பது சென்டிமீட்டர், உள்ளே சீழ்.

டாக்டரம்மா சின்ன வயசு. இவர் மகளைவிடச் சின்னவள். ஆனால் வளவளவென்று பேசவில்லை, அந்த மட்டுக்கும் பிடித்திருந்தது. "அமீபாங்கய்யா. கெட்ட தண்ணில, சாப்பாட்டுல வரும். முதல்ல குடல்ல இருக்கும், அங்கிருந்து ரத்தத்தோட ஈரலுக்குப் போய்ச் சதையை அரிச்சுக் கட்டி ஆயிடும்." தோள் ஏன் வலிக்கிறது என்று கேட்டார். "ஈரலுக்கு மேல ஒரு தசைத் திரை இருக்கு, நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிறது. அதுக்கு வர்ற நரம்பு கழுத்துல கிளம்புது, தோளுக்குப் போற நரம்பும் அங்கதான். கட்டி இந்தத் திரையை உரசுனா, மூளை அதைத் தோள்னு எடுத்துக்கும்." சரி, மூளைக்கு ஊர் தெரியவில்லை. ஈரம் ஒரு இடத்தில் தெரியும், ஊற்று வேறு இடத்தில் இருக்கும், இது அவர் தொழிலில் நேற்று வந்தவனுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. கெட்ட தண்ணீர் என்று அவள் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்து விலாவில் இடித்து நின்றது. ஆயிரம் அடியில் நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அது வருகிறவரை வண்டிக்காரர்கள் குடிப்பது பக்கத்துக் குட்டைத் தண்ணீர். நீல டிரம்மில் பிடித்து வைத்திருப்பார்கள். மண்டியை ஒதுக்கிவிட்டு மேலாக ஒரு சொம்பு. காய்ச்சிக் குடிக்க யாருக்கு நேரம். நாற்பது வருஷம் குடித்தோமே ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஒன்றும் ஆகாமல் இல்லை. வேறு ஒன்று ஆகியிருந்தது.

அதுதான். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து சிக்குகிறது. சேர்த்த அன்றைக்கே டாக்டரம்மா கேட்டாள், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. இல்லை என்றார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றாள். "ஒரு தடவை சொன்னாப் போதாதா?" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் சம்சாரம் நின்றுகொண்டிருந்தாள், கூடையைப் பிடித்துக்கொண்டு. அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. பையில், சட்டைக்கு அடியில், பல்பொடி டப்பா. அதற்குள் ரோஸ் நிற மாத்திரைகள், அட்டையில் பெயர் இருக்கும் என்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்து உதிரியாகப் போட்டவை. இரண்டு வருஷமாகத் தினம் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும், சாப்பாட்டுக்குப் பின்னால், அவள் தட்டுக் கழுவப் போகிற நேரத்தில். நேற்றும் போட்டார். இருதயத்தில் கம்பி வலை வைத்திருக்கிறவன் ஒரு நாளும் விடக்கூடாது என்று ராய்ப்பூர் டாக்டர் இந்தியில் சொல்லி, லாரி டிரைவர் தமிழில் சொன்னான். அந்த டிரைவர் ஒருத்தனுக்குத்தான் தெரியும். தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தார். நெஞ்சைப் பிடித்த டிரில்லரை எந்த முதலாளி லீவரில் நிறுத்துவான். ஓரமாக உட்கார்ந்து ராடு எண்ணு என்பான். அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் வந்துவிடுங்கள் என்பாள். வந்து என்ன செய்ய, மதியத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கவா. மறைத்தார். எட்டு நாள் அந்த ராய்ப்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வண்டி காட்டுக்குள் சேற்றில் சிக்கிவிட்டது, டவர் கிடைக்காது என்று டிரைவரை விட்டுச் சொல்லவைத்தார். அந்த எட்டு நாளில்தான், மூன்றாவது நாள், அவளுடைய அம்மா செத்துப்போனாள்.

மூன்றாவது நாள். நெஞ்சில் ஒயர் ஒட்டி, மூக்கில் குழாய் சொருகி, எழுந்து உட்காரக்கூட விடாத இடத்தில் டிரைவர் வந்து காதோரம் சொன்னான். என்ன சொல்லட்டும் அண்ணா. வண்டி எடுக்க முடியலைன்னு சொல்லு. இழவுக்கே வரலைன்னா என்ன நெனப்பாங்க அண்ணா. நெனச்சுக்கட்டும். நினைத்தார்கள். மாமியார் இழவுக்கு வராத மருமகன் என்று சம்பந்தி வீடுகளில் எல்லாம் நினைத்தார்கள். அவள் நினைத்ததோடு விடவில்லை. ஊருக்கு வந்த அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னால் கேட்டாள், "தண்ணி வந்துச்சுங்களா?" வந்தது என்றார். "செரி. அதாவது வந்துச்சே." அப்புறம் ஒரு வருஷம், யார் வீட்டில் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், யார் செத்தாலும், "அவுருக்கெதுக்குச் சொல்றீங்க, அவுருக்குப் போர் இருக்குது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இவரும் மீசையை நீவிக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை போதும் அந்தச் சிரிப்பை நிறுத்த. கல் நெஞ்சன் என்று பெயர் வாங்குவது, நெஞ்சுக்காரன் என்று பெயர் வாங்குவதைவிட மேல் என்று இருந்துவிட்டார். இந்த ஒரு வருஷமாக அவளும் அதைச் சொல்வதில்லை. மறந்திருப்பாள். மறந்ததைப் போய் இப்போது எதற்குக் கிளற.

ஆனால் நேற்று மதியம் கையெழுத்து வாங்க வந்த ஜெபக்கனி தாளை நீட்டிவிட்டுச் சும்மா போகாமல், தெற்கத்தி ராகத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மரத்துப்போக ஊசி போடுவாங்க தாத்தா, வலிக்காது. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஒரு ஊசிய உள்ள விட்டு, அது வழியா பன்னி வாலு மாதிரி சுருண்டுக்குற டியூப்ப வச்சிருவாங்க, சீழு தன்னால பைக்கு வந்துரும். அஞ்சாறு நாளைக்கு டியூப்பு இருக்கும். அப்புறமும் மாத்திரை இருக்கு, குடல்ல ஒட்டிக்கிட்டு இருக்குற பூச்சிய அழிக்க, அதப் பாதில நிறுத்துனா மறுபடி வந்துரும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மட்டுந்தான் பயம், ஈரல் பூரா ரத்தம்லா, குத்துன எடத்துல நிக்காம உள்ளயே வடியும். உங்களுக்குத்தான் அது இல்லையே. போடுங்க கையெழுத்து. போட்டார். சென்னியப்பன் என்று, எப்போதும் போல கடைசி ன்-னில் புள்ளியை அழுத்தி. தாளை அவள் எடுத்துப்போன பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது.

உள்ளேயே வடியும். விருத்தாசலம் பக்கம் ஒரு போர். இருபத்தைந்து வருஷம் இருக்கும். நானூறு அடியில் ராடு சட்டென்று இலகுவானது, அடுத்த நொடி கம்ப்ரஸரை நிறுத்தியும் தண்ணீர் நிற்கவில்லை. தானாகப் பொங்கியது. ஆள் உயரத்துக்கு. தோட்டக்காரர் ஓடிவந்து இவர் கழுத்தில் துண்டைப் போட்டார், பெண்கள் குலவை போட்டார்கள், சனம் நனைந்துகொண்டு சிரித்தது. சாயங்காலமும் பொங்கியது. மறுநாளும். மூடி போட்டு வெல்டிங் வைத்துப் பார்த்தார்கள், கேசிங் பைப்பைச் சுற்றி வெளியே பீறிட்டது. மூன்றாம் நாள் காலை தோட்டக்காரர் வீட்டுச் சுவர் ஒரு சத்தமும் இல்லாமல் மண்ணுக்குள் உட்கார்ந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர்தான். நிற்கத் தெரியாததுதான் கோளாறு. அவருடைய ரத்தமும் இப்போது அந்தத் தண்ணீர். இரண்டு வருஷமாக அவரே தினம் ஒன்றாகப் போட்டு அப்படி ஆக்கி வைத்திருக்கிறார். ஊசியை விடுவாள் அந்தச் சின்னப் பெண், நம்பிக்கையாக, இவர் சொன்னதை நம்பி, இல்லை என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாரே. சுவர் உட்காரும். அவள் தலையில் பழி விழும். வெளியே இவள் கூடையோடு உட்கார்ந்திருப்பாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் இன்றைக்குக் குத்தமாட்டார்கள். மாத்திரையை நிறுத்து, ஐந்து நாள் பொறு, அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். ஏற்கெனவே ஆறு நாள் போய்விட்டது. அதுவே அவருக்குப் பற்றி எரிந்தது. போர் போடப் பாயிண்ட் குறித்துவிட்டு வண்டியை ஆறு நாள் சும்மா நிறுத்துவானா எவனாவது. குத்துவதென்றால் வந்த அன்றைக்கே குத்தித் தொலைக்க வேண்டியதுதானே. கேட்டதற்கு, "மருந்து கொஞ்சம் ஏறட்டும்ங்கய்யா. நிறையப் பேருக்கு மருந்துலயே கரைஞ்சிடும், குத்தவே வேண்டாம்" என்றாள் டாக்டரம்மா. கரையவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை, கட்டி இம்மியும் குறையவில்லை. மேல் சுவர் மெலிந்து தாள் மாதிரி இருக்கிறது, இனித் தள்ளிப்போட்டால் வெடிக்கலாம், நெஞ்சுப் பக்கமோ வயிற்றுப் பக்கமோ, அப்புறம் எதுவும் கையில் இல்லை என்று நேற்றுச் சொன்னாள். சொன்னால் அது வெடிக்கும். சொல்லாவிட்டால் இது வடியும். இந்தப் பக்கமும் குழி, அந்தப் பக்கமும் குழி. மூச்சை இழுத்தார், முட்டியது. சொல்லாமலே தப்பிக்க வழி இருக்கிறதா. ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். நூறு பேரில் எத்தனை பேருக்கு வடியும். ஜெபக்கனி அதைச் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேக்குறீங்க தாத்தா என்பாள். தாத்தாவாம். அறுபத்து மூன்று வயசு ஒரு வயசா.

"என்ன, ஒதடு அசையுது?" என்றாள் கால்மாட்டில் இருந்தவள்.

"ஒண்ணுமில்ல."

"பயமா இருக்குதுங்களா?"

"எனக்கென்ன பயம். மலையவே தொளச்சவன்."

"மலைக்கு வலிக்காதுங்க. தொளைக்கறவனுக்கு மட்டும் என்ன, நின்னுட்டுத்தான இருந்தீங்க. இன்னைக்குத்தான் படுத்திருக்கறீங்க."

சிரிக்கவைக்கப் பார்க்கிறாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது அவளுக்கும். இந்த இருபத்தெட்டு நாளில் அவளும் இளைத்திருக்கிறாள், இதை எப்போது பார்த்தார், இப்போதுதான் பார்க்கிறார். இடது கையில் ஒரு வளையலைக் காணோம், உடைந்ததா, கழற்றினாளா. இவர் போய்விட்டால் இவள் யாரை அதட்டுவாள். வெளியே வந்து டாக்டரம்மா சொல்வாள், அவர் மறைத்துவிட்டார், மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், இருதய நோயாளி. அப்போது இவளுக்குத் தெரியும். இவரில்லாத இடத்தில், இவர் வாயால் இல்லாமல், யாரோ சொல்லித் தெரியும். எட்டு நாள் எங்கே இருந்தார் என்பதும் அப்போது தெரியும், அம்மா செத்த அன்றைக்குப் புருஷன் எங்கே கிடந்தான் என்பதும். கோபப்படக்கூட ஆள் இருக்காது. பிணத்தின் மேல் எத்தனை நாள் கோபப்பட முடியும். அது மட்டும் அவருக்கு ஆகவில்லை. சாவு வந்தால் வரட்டும். இது ஆகவில்லை. "இங்க வா" என்று சொல்ல வாயெடுத்தார். கதவு திறந்தது. மாசமான பொண்ணு வயிற்றைத் துடைத்துக்கொண்டே சிரித்த முகமாக வந்தாள், பின்னாலேயே ஜெபக்கனி, "வாங்க தாத்தா, நம்ம ரயிலு கிளம்பிட்டு" என்று ஃபைலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியின் தலைமாட்டைப் பிடித்துத் திருப்பினாள். சக்கரம் கிறீச்சிட்டது. சம்சாரத்தின் கை போர்வைக்கு மேலே அவர் பாதத்தில் ஒரு நிமிஷம் இருந்தது. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே இருட்டு, குளிர். ஏசியை இத்தனை வைத்தால் எந்த மனுஷன் படுப்பான். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்தார்கள், தோள் கதறியது, அட போ, நீ கதறு, உன்னை யார் நம்பினார்கள். விலாவில் வழுவழுப்பாக எதையோ பிழிந்தார்கள், ஐஸ். டாக்டரம்மா ஒரு கட்டையை வைத்து உருட்டினாள். முகத்துக்கு நேரே திரை. சாம்பல் நிறம், மேகம் மேகமாக, நடுவே வட்டமாகக் கறுப்பு, விளிம்பு மேடு பள்ளமாக. அதுதானா. அதுதான் என்றாள். கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்த்தது போல இருந்தது. நாற்பத்தோரு வருஷம் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே துளைத்தவர், தேங்காய் நின்ற இடம், வேப்பங்குச்சி சாய்ந்த இடம் என்று நீரோட்டம் பார்க்கிற யாரோ காட்டின பாயிண்டில். இவள் பார்த்துக்கொண்டே துளைக்கிறாள். கொடுத்துவைத்தவள். பேனாவால் விலா இடுக்கில் ஒரு புள்ளி வைத்தாள். அன்றைக்குச் சோப்புக் கை அமுத்தின அதே இடுக்கு. பஞ்சு, சுருக்கென்ற மருந்து வாசனை. மரத்துப்போகிற ஊசி எறும்பு போலக் கடித்தது. "இன்னொண்ணு, கொஞ்சம் ஆழமா." கடித்தது. அப்புறம் அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இடமே அவருடையது இல்லை போல ஆயிற்று. தட்டில் இரும்புச் சத்தம். நீளமான ஊசி ஒன்றை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்கய்யா. நான் சொல்றப்ப விடலாம்." இழுத்தார். முட்டியது. பிடித்தார். திரையில் கறுப்பு வட்டம் அசையாமல் நின்றது. விருத்தாசலத்தில் ராடு இலகுவானது. வீட்டுச் சுவர். ஒரு சத்தமும் இல்லாமல்.

மூச்சை விட்டார்.

"நிறுத்து தாயி."

"வலிக்குதாங்கய்யா?"

"வலியில்ல. நான் பொய் சொல்லிட்டேன்." குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "இருதயத்துல கம்பி வெச்சிருக்குது. ரெண்டு வருசம் ஆச்சு. ரத்தம் ஒறையாத மாத்தர தெனமும் போடறேன். இங்க வந்தும் போட்டேன். நேத்தும் போட்டேன். உனக்குக் கெட்ட பேரு வந்துரும். குத்தாத."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் அந்தச் சின்ன முகத்தைப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கமிருந்து டாக்டரம்மா, "அப்பாடா" என்றாள்.

"என்ன அப்பாடா?"

"தெரியும்ங்கய்யா. நீங்களா சொல்லுவீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் பாத்துட்டு நானே சொல்லியிருப்பேன்."

"தெரியுமா?"

"சேந்த அன்னிக்கே தெரியும். அதனாலதான் அஞ்சு நாள் முழுசா விட்டேன், மருந்து கரைக்குதான்னு பாத்த மாதிரியும் ஆச்சு, ரத்தம் பழைய நிலைக்கு வந்த மாதிரியும் ஆச்சு. இருதய டாக்டரையும் கேட்டாச்சு. காலைல உங்க ரத்தத்தைப் பாத்தோம். நல்லா உறையுது."

"நான் நேத்துக்கூட..."

"நேத்து நீங்க போட்டது சத்து மாத்திரை" என்றாள் ஜெபக்கனி. "அதுவும் ரோஸ் கலருதான். பல்பொடி டப்பால வந்த அன்னிக்கே மாத்தியாச்சு. அந்த மாத்திரைய மெடிக்கல்ல காட்டி, எதுக்குன்னு கேட்டு வெளிய இருக்குறவங்களுக்கு ஒரு வருசத்துக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. நீங்களா சொல்ற வரைக்கும் கேக்காதீங்க, கேட்டா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாருன்னு எங்க கையப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. உங்க முன்னால அழுதிருக்க மாட்டாங்க, என்ன?"

மூச்சை இழுங்கய்யா என்றாள் டாக்டரம்மா. இழுத்தார். பிடித்தார். விலாவில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்தினது போல ஒரு கனம், அவ்வளவே. திரையில் வெள்ளைக் கோடு ஒன்று சாம்பலைக் கடந்து கறுப்புக்குள் போய் நின்றது. ஒரு வருஷம். ஒரு வருஷமாக, ஊருக்கு வருகிறபோதெல்லாம், குழம்பில் உப்பு இல்லை, அப்பளத்தைக் காணோம், கேட்டால் கடையில் நல்ல அப்பளம் வருவதில்லை என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார், எத்தனை தடவை. உப்புப் போடத் தெரியாதவள் என்று சம்பந்தி முன்னால் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே மோரை ஊற்றினாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சங்கதியை ஆளுக்கொரு பக்கம் மூடிக்கொண்டு, அவர் பல்பொடி டப்பாவில், அவள் உப்பு ஜாடியில். விடுங்க மூச்ச. விட்டார். குழாயில் வந்தது. ரத்தம் இல்லை. செம்மண் குழைத்த சேறு, பழுப்பு, தடிப்பாக, வாடை இல்லாமல், பைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. நூறு என்றாள் டாக்டரம்மா. இருநூறு. இருபத்தெட்டு நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது, எங்கும் முட்டவில்லை. முந்நூறு. தோளில் ஏதோ கழன்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, ஒருக்களித்துப் படுத்திருந்ததால் மூக்குத் தண்டைத் தாண்டி அடுத்த கண்ணுக்குள் போயிற்று. துடைக்கக் கை இல்லை, ஒன்று தலைக்கு மேலே, இன்னொன்று உடம்புக்கு அடியில்.

"அழுறீங்களா தாத்தா?"

"ஏசி."

"ஆமா, ஏசி." ஜெபக்கனி பஞ்சால் துடைத்துவிட்டாள்.

அவருக்கு இன்னும் ஒன்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தெரியாமல் இல்லை. காதால் கேட்க வேண்டியிருந்தது.

"அன்னிக்கு வந்து சொன்னது யாரு?"

ஜெபக்கனி ஃபைலைத் திறந்தாள். முதல் தாளில், நோயாளி பெயருக்கும் வயசுக்கும் கீழே, நோய் விவரம் தந்தவர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், எல்லார் ஃபைலிலும் இருக்குமாம். அதில் விரலை வைத்து, இருட்டில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு தடவையும் வாய்விட்டுக் கூப்பிடாத பெயர்.

"பாவாயி."